ஹோலும் சாப்பாட்டு மேசையும் ஒரே அறையில்: லைட் எங்கே, எத்தனை, எந்த ஸ்விட்சில்?

கேட்டது சுருக்கமாக இது: இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் புது வீடு. 22 அடி நீளம், 12 அடி அகலத்தில் ஒரே அறை. வாசல் பக்கம் ஹோல், குசினிப் பக்கம் சாப்பாட்டு மேசை. சீலிங் 9 அடி. சுவர் எழும்பிவிட்டது, பூச்சு இன்னும் இல்லை. நடுவில் ஒரு பெரிய லைட் போட்டால் போதுமா, இல்லை சீலிங் முழுக்க டவுன்லைட் பத்துப் பன்னிரண்டு அடிக்கலாமா?

இரண்டும் வேண்டாம். 22 அடி அறையின் நடுவில் தொங்கும் லைட் செட்டிக்கும் உதவாது, மேசைக்கும் உதவாது. இரண்டுக்கும் நடுவே ஆள் நடக்கிற இடத்துக்குத்தான் வெளிச்சம். பன்னிரண்டு டவுன்லைட் அடித்தால் வீடு பாமசி மாதிரி இருக்கும், மாலையில் தேத்தண்ணி குடிக்க உட்காரும்போதும் அத்தனையும் எரியும். இந்த அறைக்கு வேண்டியது அதிக வெளிச்சம் இல்லை, பிரித்துப் போடக்கூடிய வெளிச்சம். அதனால் பல்ப் வாங்கப் போகுமுன் மேசை நிற்கும் இடத்தை முடிவு பண்ணுங்கள். பூச்சு அடிக்காத சுவர் கையில் இருப்பது பெரிய வசதி, அதை வீணாக்க வேண்டாம்.

சோக்கட்டி எடுத்து நிலத்தில் கோடு போடுங்கள். ஆறு பேர் சாப்பிடும் மேசை 5 அடிக்கு 3 அடி. கதிரையைப் பின்னால் இழுத்து எழும்ப ஒவ்வொரு பக்கமும் 3 அடி வேண்டும். குசினிக் கதவுக்குப் போகும் வழிக்கு இன்னொரு 3 அடி. அகலம் 12 அடியில் கூட்டிப் பாருங்கள்: வழி 3, கதிரை 3, மேசை 3, கதிரை 3. கணக்கு சரியாக முடிகிறது, ஆனால் மேசையின் நடு அறையின் நடுவில் வராது. எதிர்ச் சுவரிலிருந்து 4½ அடியில் வரும். வயரிங் செய்பவர் வழக்கம்போல 6 அடியில் பொயின்ட் வைத்துவிட்டால் லைட் மேசையின் விளிம்புக்கு நேரே தொங்கும். வழிப்பக்கக் கதிரையில் இருப்பவர் எழும்பும் ஒவ்வொரு தடவையும் தலையில் இடிக்கும். இந்த ஒன்றரை அடிப் பிழைதான் இப்படியான அறைகளில் அதிகம் நடக்கிறது. பிறகு சீலிங்கை உடைக்க மனம் வராமல் மேசையை வழிக்குள் தள்ளி வைப்பார்கள்.

சீலிங் ஏற்கனவே அடித்த வீடென்றாலும் வழி உண்டு. பழைய பொயின்டிலிருந்து நீள வயரை எடுத்து, மேசைக்கு நேர் மேலே கூரை மரத்தில் ஒரு கொக்கி போட்டு அதில் தொங்கவிடலாம். கொக்கி மரத்தில்தான் ஏற வேண்டும். பிவிசி சீலிங்கோ தட்டை அஸ்பெஸ்டஸ் தகடோ பாரம் தாங்காது. பழைய அஸ்பெஸ்டஸ் சீலிங் என்றால் உலர்ந்தபடி ட்ரில் பண்ணவே கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. முடிந்தால் அந்தச் சீலிங்கைத் தொடாமல் சுவர் வழியே, சுவரின் மேல் பூட்டும் பிளாஸ்டிக் கேசிங்கில் வயரை இழுத்து, சுவர் லைட்டால் சமாளிப்பது நல்லது.

இனி எவ்வளவு வெளிச்சம் என்பதைப் பார்ப்போம். பெட்டியில் வாட்டைப் பார்க்காமல் லூமன் எண்ணைப் பாருங்கள், பல்ப் தரும் மொத்த வெளிச்சம் அதுதான். ஒரே 9 வாட்டில் ஒன்று 600 லூமன் தரும், இன்னொன்று 900 தரும். ஹோல் பக்கம் 13 அடிக்கு 12 அடி, அதாவது 14.5 சதுர மீற்றர். பொது வெளிச்சத்துக்கு 100 லக்ஸ், அதாவது சதுர மீற்றருக்கு 100 லூமன், போதும். பல்பிலிருந்து புறப்படும் வெளிச்சத்தில் ஏறத்தாழ பாதியை சீலிங்கும் சுவரும் செட்டித் துணியும் விழுங்கிவிடும் என்று வைத்துக்கொண்டால், 14.5 ஐ 100 ஆல் பெருக்கி 0.5 ஆல் வகுக்க 2900 லூமன் வரும். 700 லூமன் தரும் 9 வாட் லைட் நான்கு போட்டால் கணக்கு ஏறத்தாழ முடிந்தது. சாப்பாட்டுப் பக்கம் 9 அடிக்கு 12 அடி, சரியாக 10 சதுர மீற்றர். அங்கே 2000 லூமன் அளவுக்கு வேண்டும். அதில் பாதி மேசைக்கு மேலே தொங்கும் ஒரு லைட்டிலிருந்து வரட்டும், மீதி சுவர் லைட் இரண்டிலிருந்து.

இந்தப் பாதிக் கணக்கு வெள்ளைச் சீலிங்குக்கும் வெளிர் நிறச் சுவருக்கும்தான். பழைய தோட்டத்து பங்களாக்களில் பார்க்கிற மாதிரி வார்னிஷ் அடித்த பலகைச் சீலிங் போடுகிறீர்கள் என்றால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும், ஹோலுக்கே 4300 லூமனுக்கு மேல் வேண்டிவரும். பலகை அழகுதான். அதற்குக் கட்டும் வாடகை இது என்று தெரிந்து போடுங்கள். சீலிங்கே இல்லாமல் தகரம் தெரியும் அறையில் மேலே பார்த்து எரியும் லைட் எதுவும் வேலைக்கு ஆகாது; வெளிச்சம் மேலே போய் அங்கேயே நின்றுவிடும்.

மேசை லைட்டின் உயரத்தை அளந்து சொல்கிறேன். மேசை 30 அங்குலம். மேசைப் பலகையிலிருந்து லைட்டின் அடி விளிம்பு வரை 30 முதல் 36 அங்குலம் இருக்கலாம், 32 வசதியான அளவு. ஆக நிலத்திலிருந்து 62 அங்குலம். சீலிங் 9 அடி என்றால் 108 அங்குலம். 62 ஐக் கழித்தால் 46. லைட்டின் கூடு 10 அங்குல உயரம் என்றால் வயர் 36 அங்குலம். சீலிங் 8 அடி என்றால் அதே வயர் 24 அங்குலமாகக் குறையும். கதிரையில் இருப்பவரின் கண் நிலத்திலிருந்து 4 அடியளவில் வரும் என்பதால் கூட்டின் விளிம்பு பல்பை மறைக்க வேண்டும். பல்பின் மூக்கு கூட்டுக்குக் கீழே எட்டிப் பார்த்தால் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க முடியாமல் கண் கூசும். கடையில் பார்க்கும்போது நின்றபடி பார்ப்போம், அங்கே அது தெரியாது. கூட்டின் அகலம் மேசை அகலத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 18 முதல் 24 அங்குலம். வயரை ஒரு அடி கூடுதலாக விட்டு மேலே சுருட்டி வையுங்கள், மேசை மாறும் காலம் வரும்.

பாரத்தையும் பார்க்க வேண்டும். 0.75 சதுர மில்லிமீற்றர் தொங்கு வயர் 3 கிலோவுக்கு மேல் தாங்கக் கூடாது. கண்ணாடிக் கூடு, இரும்புக் கூடு என்று அதைத் தாண்டினால் சங்கிலி போட்டு மரத்திலிருந்து தொங்கவிடுங்கள். வயரின் செப்புக் கம்பி பாரத்தை இழுத்தபடி இருந்தால் ஹோல்டர் ஸ்க்ரூ மெல்ல மெல்லத் தளரும். முதலில் மினுக்கும், பிறகு சூடாகும், பிறகு கருகும்.

பிள்ளைகள் இந்த மேசையில்தான் படிப்பார்கள். மலையகத்தில் பல வீடுகளில் புலமைப்பரிசிலும் ஓ.எல்.லும் சாப்பாட்டு மேசையில்தான் நடக்கிறது. 800 லூமன் பல்பில் பாதி மேசையில் விழுந்தால் 1.4 சதுர மீற்றர் பரப்பில் 290 லக்ஸ் அளவு வரும். சாப்பிட அது தாராளம். எழுதுவதற்கு 500 வரை வேண்டும். ஆகவே தொங்கும் லைட்டில் 12 வாட், 1000 லூமன் பல்பைப் போட்டு, படிக்கும் நேரம் சுவர் லைட்டையும் சேர்த்து எரியுங்கள். அதற்கும் மேலே ஒரு மேசை விளக்குக்கென்று மேசைப் பக்கச் சுவரில் ஒரு 13 ஆம்பியர் ப்ளக் பொயின்ட் வையுங்கள். அதே பொயின்டில் அயர்னும் ரைஸ் குக்கரும் ஏறும் என்பது வேறு விஷயம்.

ஹோலில் அந்த நான்கு லைட்டையும் எப்படி வைப்பது? இரண்டு லைட்டுக்கு நடுவே எவ்வளவு இடமோ, அதில் பாதி சுவரிலிருந்து முதல் லைட்டுக்கு. 13 அடி நீளத்தில் சுவரிலிருந்து 3¼ அடி, நடுவே 6½. 12 அடி அகலத்தில் சுவரிலிருந்து 3, நடுவே 6. சீலிங்கில் ஓட்டை போட்டுப் பதிக்கும் வகையை விட மேலே ஒட்டினாற்போல் பூட்டும் வகையைத்தான் இங்கே வாங்கச் சொல்வேன். ஒவ்வொரு ஓட்டையும் கூரைக்குள் திறந்த வாசல். தகரத்துக்குக் கீழே இரவில் கட்டும் ஈரக்காற்று அதன் வழியே இறங்கும், எலிப்புழுக்கையும் தூசும் விழும், முதல் மழைக்கு ஈசல் வரும். கூரைக்குள் ஓடும் வயரைக் கட்டாயம் கொண்டியூட் குழாய்க்குள் விடுங்கள். எலி கடித்த வயரைக் கண்டுபிடிப்பது பெரும் தலைவலி.

செட்டியின் தலைக்கு நேர் மேலே லைட் வராமல் பாருங்கள். புருவ நிழல் கண்ணில் விழுந்து, வந்திருக்கும் விருந்தாளி நோயாளி மாதிரித் தெரிவார். டீவிக்கு எதிர்ச் சுவரில் லைட் வைத்தால் அது டீவிக்குள் தெரியும். டீவியின் பின்னால் 5 வாட் அளவில் ஒரு சின்ன வெளிச்சம் போதும். செட்டி ஓரத்தில் ஒரு நிற்கும் விளக்கு, 7 வாட், பேப்பர் வாசிக்க. எல்லாம் கூட்டினால்: நான்கு 9, ஒரு 12, சுவரில் இரண்டு 5, டீவிக்கு 5, வாசிக்க 7. மொத்தம் 70 வாட். ஒருபோதும் எல்லாம் சேர்ந்து எரியாது. எரிந்தாலும் ஐந்து மணித்தியாலத்துக்கு 0.35 யூனிட், மாதம் பத்தரை யூனிட். வீட்டுப் பாவனையில் மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வகையே மாறுகிறது என்பதால் இந்தப் பத்தும் கணக்குத்தான்.

நிறத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. பெட்டியில் கெல்வின் என்று போட்டிருப்பது நிறத்தின் எண்; குறையக் குறைய மஞ்சள், கூடக் கூட நீலம். 6500 கெல்வின் வெள்ளை பல்ப் நம் ஊரில் எந்தக் கடையிலும் முதலில் நீட்டப்படுவது. நுவரெலியா, ஹட்டன் குளிரில் இரவு அந்த நீல வெள்ளையில் உட்கார்ந்தால் அறை இன்னும் குளிர்ந்து கிடக்கும். 2700 முதல் 3000 கெல்வின் வாங்குங்கள், அறை முழுக்க ஒரே எண். ஹோல் 3000, சாப்பாட்டுப் பக்கம் 6500 என்று கலந்தால் நடுவில் சுவர் கட்டாமலே சுவர் கட்டிய மாதிரி இருக்கும். மேசைக்கு மேலுள்ள பல்பில் மட்டும் இன்னொரு எண்ணைப் பாருங்கள்: சிஆர்ஐ 90. பொருளின் உண்மை நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று நூற்றுக்குச் சொல்லும் எண் அது. அந்த எண் குறைந்த பல்பில் தேங்காய்ச் சம்பலின் சிவப்பு செங்கல் தூள் நிறத்துக்குப் போய்விடும், மீன் குழம்பு சேற்று நிறமாகும். சமைத்தவருக்குச் செய்யும் அநியாயம் அது. 90 கிடைக்காவிட்டால் 80க்குக் கீழே மட்டும் இறங்க வேண்டாம்.

பகலையும் யோசிக்க வேண்டும், இதைச் சமவெளிக்காரர் சொல்ல மாட்டார்கள். ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் டிசம்பர், ஜனவரியில், பின்னேரம் இரண்டு மணிக்கே மிஸ்ட் இறங்கி அறை இருண்டுவிடும். ஜன்னலின் மேல் விளிம்பு 7 அடியில் என்றால் வெளிச்சம் உள்ளே 14 அடி வரை பயன்படும், அதற்கு அப்பால் மங்கல். உங்கள் மேசை நிற்பது அந்த அப்பாலில்தான். ஆகவே சாப்பாட்டுப் பக்கம் பகலிலும் தனியாக எரியக்கூடியதாக இருக்க வேண்டும். சீலிங் அடிக்காமல் விடும் பகுதி என்றால் அங்கே கூரையில் வெளிச்சம் விடும் கண்ணாடி ஷீட் ஒன்று போடலாம். ஆணித் துளையில் ரப்பர் வாஷர் ஒழுங்காக இல்லாவிட்டால் ஒழுகும் இடமும் அதுவே.

இப்போது ஸ்விட்ச். உண்மையில் திட்டம் என்பது இதுதான். ஹோலின் நான்கு லைட்டை இரண்டு இரண்டாகப் பிரியுங்கள்: ஜன்னல் பக்க ஜோடி, உள் ஜோடி. ஈசல் கிளம்பும் இரவில் ஜன்னல் ஜோடியை அணைத்துவிட்டு உள் ஜோடியில் இருக்கலாம். மேசை லைட் தனி ஸ்விட்ச், சுவர் லைட் இரண்டும் ஒரு ஸ்விட்ச். உள் ஜோடிக்கு மட்டும், இரண்டு இடத்திலிருந்தும் போட்டு அணைக்கக்கூடிய டூ-வே ஸ்விட்ச் போட்டு ஒன்றை வாசலிலும் ஒன்றைக் குசினிக் கதவிலும் வையுங்கள். இருட்டில் 22 அடி தடவி நடக்க வேண்டியதில்லை. மேசைக்குரிய ஸ்விட்சுகள் குசினிக் கதவுப் பக்கம்தான் இருக்க வேண்டும், கறிச்சட்டியோடு வருபவர் அங்கிருந்துதான் வருவார். உயரம் 4 அடி. பலகையில் ஸ்விட்சுகளின் வரிசை அறையில் லைட்டுகளின் வரிசைப்படியே இருக்கட்டும். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று பார்த்தே, ஸ்விட்சைச் சுவருக்குள் பதிக்கும் சன்க் பொக்ஸுக்கு வெட்டுங்கள். கதவுக்குப் பின்னால் மறைந்த ஸ்விட்ச் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வேண்டாம் என்பது என் கருத்து. டிம்மருக்கென்று குறித்த பல்ப் போடாவிட்டால் மினுக்கும், இரையும். அந்தப் பல்ப் போனால் பக்கத்து டவுனில் உடனே கிடைக்காது. பிரித்துப் போட்ட ஸ்விட்சே டிம்மரின் வேலையைச் செய்யும்.

அதே காரணத்துக்காக, எல்ஈடி உள்ளேயே பொருத்திய லைட்டை விட ஹோல்டர் வைத்த லைட் மேல். உள்ளே இருப்பது செத்தால் முழுவதையும் கழற்ற வேண்டும், இரண்டு வருடத்துக்குப் பின் அதே அளவு, அதே நிறம் அகப்படாது. ஹோலுக்கு அப்படித்தான் வாங்குகிறீர்கள் என்றால் அதே தொகுதியில் ஒன்று கூடுதலாக வாங்கி அலுமாரியில் போடுங்கள். பின் ஹோல்டரா ஸ்க்ரூ ஹோல்டரா என்பதை வீடு முழுக்க ஒன்றாகவே வையுங்கள்.

வயரிங் விஷயத்தில் லைட்டுக்கு 1/1.13 என்று கடையில் கேட்கும் 1 சதுர மில்லிமீற்றர் வயரும் 6 ஆம்பியர் பிரேக்கரும் போதும். பாரம் ஒன்றுமே இல்லை. பிரச்சினை பாரத்தில் வராது, ஈரத்தில் வரும். தென்மேற்கு மழை அடிக்கும் வெளிச்சுவரில் ஸ்விட்சோ சுவர் லைட்டோ வேண்டாம், உட்சுவருக்கு மாற்றுங்கள். இஸ்தோப்பு (முன் விறாந்தை) லைட்டையும் வெளி லைட்டையும் இந்த அறையின் சேர்க்கிட்டில் கட்ட வேண்டாம்; அவற்றுக்கு, மின்சாரம் கசிந்தால் தானாக விழும் ட்ரிப் ஸ்விட்ச் ஒன்றைத் தனியாகப் போட்டால் மழைக்கு வெளியே விழும்போது உள்ளே இருட்டாகாது. மழை மாதத்தில் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் அடிக்கடி விழுந்தால் எல்லாப் பிரேக்கரையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்ப்பார்கள். எல்லாம் இறங்கியிருந்தும் ட்ரிப் நிற்காமல் விழுகிறதா? அது சில நேரம் ட்ரிப்பின் பழுதாக இருக்காது. சாதாரணப் பிரேக்கர் மின்சாரம் வரும் லைவ் வயரை மட்டும்தான் வெட்டும். அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் எங்கோ ஈரச் சுவரில் எர்த்தைத் தொட்டபடி இருந்தால் பிரேக்கர் இறங்கியிருந்தும் ட்ரிப் விழும். நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது தகுதிச் சான்றிதழ் உள்ள மின்னிணைப்பாளரின் வேலை, வீட்டுக்காரர் கை வைக்கக் கூடாது.

அணைத்த பின்னும் பல்ப் மங்கலாக எரிகிறது என்ற முறைப்பாடு எல்ஈடியோடு வந்தது. பல தடவை காரணம் ஸ்விட்ச் லைவுக்குப் பதில் நியூட்ரலை வெட்டுவது. பேய் வெளிச்சம் என்று சிரித்துவிட்டு விடக் கூடாது. அப்படியென்றால் ஸ்விட்ச் அணைத்திருக்கும்போதும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கிறது, பல்ப் மாற்றுபவருக்கு அடிக்கும். உள்ளே சிவப்பு இண்டிகேட்டர் எரியும் ஸ்விட்சாலும் இது வரும், அது ஆபத்தில்லை, ஸ்விட்சை மாற்றினால் போகும். ஸ்க்ரூ ஹோல்டரில் லைவ் நடு முனைக்குத்தான் போக வேண்டும், சுற்றுச் சுரைக்கு அல்ல. கட்டியவரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

தோட்டப் பக்கம் நீள லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் மாலை ஆறு மணிக்கு மேல் வோல்டேஜ் இறங்கும். மலிவு பல்ப் அதோடு சேர்ந்து மங்கும். பெட்டியில் 220-240 என்று மட்டும் போட்டதை விட்டு 100-265 போல அகலமாகக் குறித்ததை வாங்கினால் அசையாமல் எரியும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி, எல்ஈடிக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் ட்ரைவரைக் கொன்றுவிடும். ட்ரிப் ஸ்விட்ச் அதற்குக் காவல் இல்லை. பிரேக்கர்கள் இருக்கும் டிபி போர்டில், இடியின் வோல்டேஜைத் தடுக்கும் சேர்ஜ் அரெஸ்டரும் ஒழுங்கான எர்த்தும் வேண்டும்.

கரண்ட் போகும் நேரத்துக்கு, 2022 மார்ச்சில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம், சுவர் லைட்டில் ஒன்றுக்கு மட்டும் ரீசார்ஜ் பல்ப் போடுங்கள். மூடிய கூட்டுக்குள் போட வேண்டாம், சூட்டில் பற்றரி சீக்கிரம் செத்துவிடும். ஸ்விட்ச் ஓனில் இருந்தால்தான் அது எரியும். இன்னொன்று: அந்தப் பல்ப் வெளி லைனில் மற்றப் பாரங்கள் இணைந்திருப்பதை வைத்துத்தான் கரண்ட் போனதை உணர்கிறது. உங்கள் வீட்டுப் பிரேக்கரே விழுந்தால் அது எரியாமல் இருக்கலாம், ஒரு டோர்ச் பக்கத்தில் கிடக்கட்டும்.

பூச்சுக்கு முன் ஒரு மாலையில் செய்ய வேண்டிய வேலை இது. எக்ஸ்டென்ஷன் வயரில் 9 வாட் பல்ப் ஒன்றைக் கட்டி, பேப்பரைக் கூம்பாகச் சுற்றி மாட்டி, மேசை வரும் இடத்தில் 62 அங்குலத்தில் தொங்கவிடுங்கள். கீழே இரண்டு கதிரை போட்டு எதிரெதிரே உட்காருங்கள். கண் கூசினால் இரண்டு அங்குலம் இறக்குங்கள், எதிரில் இருப்பவரின் முகம் மறைந்தால் ஏற்றுங்கள். சரியான உயரத்தையும் சுவர்த் தூரத்தையும் செங்கல்லிலேயே எழுதி, கொண்டியூட் பதித்த ஒவ்வொரு சுவரையும் டேப்பைப் பிடித்தபடி போட்டோ எடுத்த பிறகு மேசன் பாஸைப் பூச்சு அடிக்கச் சொல்லுங்கள்.